கீழ்வீட்டு இளவரசி

ஹோம்புஷில் நாங்கள் குடியிருந்த செங்கல் அடுக்குமாடியின் பின்முற்றம். குடை விரித்தது போல் சுழலும் இரும்புத் துணிக்கொடியில் என் நூல் சேலை பாதிச் சுற்றை அடைத்துக்கொண்டு தொங்குகிறது. சேலைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் கீழ்வீட்டு வெள்ளைக்கார அம்மா, தலையணை உறைகளுக்குக் கிளிப் மாட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்துப் பிஸ்கற் தொழிற்சாலையிலிருந்து வெண்ணெயும் சீனியும் வேகிற வாசனை வருகிறது.

அப்போது பக்கவாட்டுப் பாதையால் ஒருவர் வந்தார். கொளுத்தும் வெயிலில் கறுப்புக் கோட் போட்டு, தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். அந்த அம்மாவின் முன்னால் வந்து குதிகால்களைச் சேர்த்து நின்றார். இடுப்புவரை குனிந்தார். சவர்க்கார நுரை காயாத அந்தக் கையை எடுத்து முத்தமிட்டார்.

அந்த அம்மா மற்றக் கையிலிருந்த கிளிப்பைக் கீழே வைக்கக்கூட இல்லை. முத்தமிட விட்டுவிட்டு அடுத்த உறையை எடுத்தார். இரண்டு பேரும் எனக்கு விளங்காத மொழியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு அவர் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போய், குப்பைத்தொட்டியில் இடித்துக்கொண்டு, அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு மறைந்தார்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஸ்ட்ரத்பீல்ட் ரயில் நிலையத்தில் தினமும் காலையில் எங்கள் ரிக்கெற்றை வாங்கித் துளை போடுகிறவர். மிச்சத் துணிகளை வாளியில் விட்டுவிட்டு மேலே ஓடினேன்.

"இஞ்சாருங்கோ, உங்கட ரிக்கெற் வெட்டுற மனிசன் கீழ்வீட்டு அம்மாவின்ர கையைக் கொஞ்சிப்போட்டுப் போறார்."

"கொஞ்சினவரோ?"

"ஓம். குனிஞ்சு."

இவர் பேப்பரை மடித்து வைத்தார். "நாளைக்குக் கேட்டுப் பாக்கிறன்."

"கேக்கப் போகாதேங்கோ."

அடுத்த நாள் மாலை, சப்பாத்தைக் கழற்ற முன்பே சொன்னார். "அவ இளவரசியாம்."

## பெயர் சொல்லாத இரண்டு பேர்

நான் 'இவர்' என்று எழுதினால் அது என் கணவர். இந்தத் தொடரில் இவ்வளவு வாரமாகியும் அவர் பெயரை ஒருமுறைகூட எழுதவில்லை என்று மெல்பேணிலிருந்து ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். எழுதமாட்டேன், அம்மா. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்வதில்லை. அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, வாய் வராது, அவ்வளவுதான்.

அப்படி வளர்ந்தவளைக் கொண்டுவந்து சிட்னியில் விட்டால் என்ன நடக்கும்? இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரு குடும்பப்பெயர் வேண்டும். எங்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிற சனம் நாங்கள். குடிவரவுக் கந்தோரில் இருந்த அதிகாரி யோசிக்காமல் இவருடைய பெயரை என் பெயருக்குப் பின்னால் போட்டுவிட்டார். அதன் பிறகு தொலைபேசியை எடுத்தால் நான் முதலில் சொல்லவேண்டியது இவருடைய பெயர். முதல் ஒரு மாதம் தொலைபேசி அடித்தால் குளியலறைக்குள் போய் நிற்பேன்.

கீழ்வீட்டு அஞ்சல் பெட்டியில் 'மிஸ் ஓ. பிரின்ஸ்' என்று ஒட்டியிருக்கும். அதன் கதையைப் பின்னால் அவரே சொன்னார். அகதியாகக் கப்பலால் வந்து இறங்கியபோது, குடும்பப்பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அரச குடும்பத்தாருக்குக் குடும்பப்பெயர் கிடையாதாம். "எனக்கு இல்லை, நான் இளவரசி ஓட்டிலியா" என்றிருக்கிறார். பதிவு செய்ய இருந்தவர் நல்ல மனிதர், பின்னால் வரிசை நீளம். பிரின்ஸ் என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாராம்.

அவருடைய நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய ஆட்களின் பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். வரைபடத்தில் ஒரு கட்டைவிரலால் மறைக்கக்கூடிய நாடு என்று மட்டும் சொல்கிறேன்.

## நான் எழும்பி நின்ற காரணம்

கட்டடத்தின் அடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருந்தது. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை வைத்திருந்தார்கள். எங்கள் முறையும் கீழ்வீட்டு முறையும் ஒரே நாளில் விழுந்தன. மெசின் நிற்கும்வரை நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருப்பேன். அவர் உள்ளே வந்ததும் எழும்பி நிற்பேன். அவர் தலையைச் சற்றே அசைத்து, கையால் இருக்கச் சொல்வார். பிறகுதான் இருப்பேன்.

இளவரசி என்று தெரிவதற்கு முன்பே தொடங்கிய பழக்கம் இது. தெரிந்த பிறகும் அப்படியே நடந்தது.

ஒருநாள் தேநீருக்குக் கூப்பிட்டார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். ஆனால் இத்தனை காலம் கழித்து நினைக்கும்போது அவர் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

"இந்த மரியாதையை எங்கை பழகினனீர்?"

"எந்த மரியாதை?"

"நான் வந்தா எழும்புறீர். நான் சொன்னாப் பிறகுதான் இருக்கிறீர். இந்த நாட்டில ஒருத்தருக்கும் அது தெரியாது. உங்கட ஊரில ராசகுடும்பத்தோட பழகினனீரோ?"

"இல்லை. நீங்கள் வயசில மூத்தவ. மூத்தவை வந்தா நாங்கள் எழும்புவம். தபால்காரர் வயசாளி எண்டாலும் எழும்புவம்."

சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தேன். அவர் கோப்பையை வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"இவ்வளவு நாளும் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே, பிள்ளை. இரவில அதை நினைச்சுப்போட்டுத்தான் படுக்கிறனான்."

அன்றைக்கு எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. அவருடைய ஆட்கள் அவரை அழைக்கும் நீண்ட மரியாதைச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. மிஸ் பிரின்ஸ் என்று கூப்பிட மனம் வரவில்லை. ஆங்கிலத்து 'ஆன்ட்டி'யை எங்கள் வாயில் வருகிறபடி அன்ரி என்றேன். எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

## ஒரு குட்டிக் கர்னல்

பட்டங்கள் அவருக்கு நிறைய இருந்தன. பிறந்தபோதே இளவரசி. ஞானஸ்நானத்தன்று தகப்பனார் ஒரு மாவட்டத்துக்கே சீமாட்டி ஆக்கினார். தாய்வழியில் இன்னொரு சீமாட்டிப் பட்டம். அந்தப் பட்டத்துக்குரிய ஊரைப் பல தலைமுறைக்கு முன்பே பக்கத்து நாட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்களாம், ஆனாலும் பட்டத்தை இவர்கள் விடவில்லை. கண்ணாலும் காணாத ஒரு கன்னியர் மடத்துக்குக் கௌரவத் தலைவி. இவை போதாதென்று, ஏழு வயதில் ஒரு குதிரைப்படைக்குக் கர்னல்.

கர்னலின் படம் சுவரில் இருந்தது. குட்டிச் சீருடை, குட்டிச் சப்பாத்து, அழப்போகிற முகம்.

"குதிரை ஓடுவீங்களோ, அன்ரி?"

"எனக்குக் குதிரை எண்டா பயம். அது படைக்குத் தெரியாது."

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அந்த நாட்டில் புது அரசு வந்தது. ஒரு சட்டம் போட்டார்கள். பட்டங்கள் இல்லை, சொத்து இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை. அப்போது அரசராக இருந்தவர் அன்ரியின் அண்ணா. அவர் ஒரு பக்கம் போக, அன்ரி ஒரு பக்கம் போனார். அகதி முகாம், கப்பல், சிட்னி. பிறகு பல வருடம் அந்தப் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். உடைந்த பிஸ்கற்றுகளை வேலையாட்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் பழைய சிநேகிதிகள் அவருக்குத் தகரத்தில் கொண்டுவந்து தருவார்கள். நாங்கள் அங்கே குடியிருந்த காலம் முழுக்க முழுப் பிஸ்கற் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

"சீமாட்டிப் பட்டங்கள் போனதில ஒண்டுமில்லை, பிள்ளை," என்றார் ஒருநாள். "பிரஜை எண்ட பட்டம் போனதுதான் பெரிய நட்டம். அது இருக்கேக்கை அதை ஒரு பட்டமெண்டே நாங்கள் நினைக்கேல்லை."

எனக்கு உடனே எங்கள் மலைநாட்டுச் சனங்களின் நினைவு வந்தது. தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு சட்டத்தால் நாடில்லாதவர்கள் ஆக்கினார்களே, அந்தச் சனங்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் வேலைக்கு நின்ற அக்கா ஒருத்தி அவர்களில் ஒருவர். அவருக்கும் இந்த அன்ரிக்கும் ஒரே வருத்தம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அண்ணாவின் பெயரை அன்ரி ஒருநாளும் சொன்னதில்லை. 'மாட்சிமை பொருந்தியவர்' என்றுதான் சொல்வார். கூடப்பிறந்தவனை அப்படியா கூப்பிடுவது என்று எனக்கு வியப்பு. கேட்க வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டு, உம்முடைய கணவரின் பெயர் என்ன என்று கேட்டார். நான் முழித்தேன். பிறகு ஜன்னலால் எங்கள் அஞ்சல் பெட்டியைக் காட்டினேன்.

அவர் விளங்கிக்கொண்ட மாதிரித் தலையை ஆட்டினார். அந்த ஊரில் அதை விளங்கிக்கொண்ட ஒரே வெள்ளைக்காரி அவர்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் யாருக்காகவும் எழும்பமாட்டார். வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தாலும் பாதிரியார் வந்தாலும் கதிரையில் இருந்தபடிதான். அவர்களுடைய முறைப்படி அவர் எழும்பவேண்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அந்த அண்ணா.

## துறக்கச் சொன்னார்கள்

அண்ணா போர்த்துக்கலில் கடலோரமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தார். நான் வாய்தவறி அலுமாரி, ஜன்னல், சமையலறைக்குக் குசினி என்று சொல்லும்போதெல்லாம் அன்ரி நிமிர்ந்து பார்ப்பார். அண்ணாவின் கடிதங்களில் வரும் போர்த்துக்கீசச் சொற்களாம். போர்த்துக்கீசர் எங்களிடம் வந்து கோட்டையைக் கட்டி, கோயிலை இடித்து, கடைசியில் குசினியையும் விட்டுவிட்டுப் போன கதையைச் சொன்னேன். "பரவாயில்லை, உபயோகமான சாமான்தான் விட்டிருக்கினம்," என்றார்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அண்ணாவுக்கு நோய் என்று செய்தி வந்தது. சுகமாகிற நோய் இல்லை.

போகவேண்டும். ஆனால் அன்ரி எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. கையில் இருந்தது ஒரு தற்காலிகத் தாள். அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்பி வர விடுவார்கள் என்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை. ஒழுங்கான கடவுச்சீட்டு வேண்டுமென்றால் இந்த நாட்டின் பிரஜை ஆகவேண்டும். அந்தத் தகுதி அவருக்கு எப்போதோ வந்துவிட்டது. வேண்டுமென்றே எடுக்காமல் இருந்தார்.

ஏனென்றால் பிரஜையாக நகர மண்டபத்தில் நின்று சத்தியம் செய்யவேண்டும். அந்தக் காலத்துச் சத்தியத்தில், ஏனைய எல்லா விசுவாசங்களையும் துறந்து இந்த நாட்டு ராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வரும்.

"இரண்டு சொல்லுத்தானே, அன்ரி," என்றேன் நான். "வாயால சொல்லிப்போட்டு வாங்கோ. மனசுக்குள்ள ஆர் வந்து பாக்கப் போயினம்?"

அவர் உடைந்த பிஸ்கற் ஒன்றைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். அது ஊறி உள்ளே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"இந்த ராணியோட எனக்கு ஒரு கோபமும் இல்லை. தூரத்துச் சொந்தம்தான். ஆனா நான் துறக்கிறது ஆரை? எனக்கு விசுவாசம் எண்டு இருக்கிறது அவர் ஒருத்தரிலதானே. அவரைப் பாக்கப் போறதுக்காக, அவர் எனக்கு ராசா இல்லையெண்டு கடவுளைச் சாட்சி வைச்சுச் சொல்லவேணும். சொல்லிப்போட்டுப் போய் அவரின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

நான் அவருடைய கோப்பையை எடுத்துப் போய் வேறு தேநீர் ஊற்றி வந்தேன்.

இன்னொரு பயமும் இருந்தது. கப்டனும் இன்னும் இரண்டு வயதானவர்களும் ஞாயிறு தவறாமல் கோட் போட்டுக்கொண்டு வருவார்கள். கப்டன் என்பது ரிக்கெற் வெட்டுகிறவர்தான், ஊரில் அரண்மனைக் காவல்படையில் இருந்தவர். அந்த மூன்று பேரும்தான் மிச்சமிருந்த ராச்சியம். இளவரசியே துறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் அவர்கள் பிறகு எதற்கு வரவேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாமல் போய்விடும் என்று அன்ரி பயந்தார்.

கடைசியில் பிரஜாவுரிமை எடுப்பது என்று முடிவு செய்தார். ஆட்களுக்குத் தெரியக்கூடாது என்றார். என்னைச் சாட்சிக்கு வரச் சொன்னார், இவரைக் காரோட்டக் கேட்டார். நான் இவரிடம் விசயத்தைச் சொன்னேன். ரகசியம் என்பதையும் சொன்னேன் என்றுதான் இன்றுவரை சாதிக்கிறேன். சொல்லவேயில்லை என்று இவர் சாதிப்பார்.

## சொல்லாமல் விடுறதே?

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம் என்றால் சொந்தபந்தத்துக்கு நேரில் போய்ச் 'சொல்லவேண்டும்'. தபாலில் அட்டை அனுப்பினால் அது சொன்னதாகாது. சொல்லாமல் விட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு கலியாணத்துக்குச் சொல்லவில்லை என்று அடுத்த வீட்டார் வேலியை உயர்த்திக் கட்டினார்கள்.

இவர் அந்த மண்ணில் பிறந்தவர். அன்ரிக்கு ஒரு நல்ல காரியம் நடக்கப் போகிறது, தமக்கென்று ஆட்களிருந்தும் அவர் சொல்லவில்லை. வயதானவர், கூச்சப்படுகிறார், நாம்தான் வீட்டார் போல நின்று செய்யவேண்டும். இவருடைய புத்தி இப்படித்தான் ஓடியிருக்கிறது. ஸ்ட்ரத்பீல்ட் நிலையத்தில், காலை நெரிசலில், ரிக்கெற்றை நீட்டிக்கொண்டே கப்டனுக்குச் சொல்லிவிட்டார். மற்ற இரண்டு பேருக்கும் சொல்லும்படி பொறுப்பும் கொடுத்துவிட்டார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் வீட்டில் ரவைக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன்.

## நகர மண்டபம்

மண்டபத்தில் மெழுகு போட்டுத் துடைத்த தரையின் வாசனை. இத்தாலியர், கிரேக்கர் என்று குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். அன்ரி சாம்பல் நிறக் கோட் போட்டு, கையுறை போட்டு, என் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தார்.

கழுத்துச் சங்கிலியோடு மேயர் உள்ளே வந்தார். மண்டபம் முழுவதும் எழும்பியது. அன்ரி இருந்தபடியே இருந்தார். கவுன்சில் பெண்மணி ஒருவர் அவசரமாக வந்து குனிந்தார். அன்ரி அவரை அன்பாகப் பார்த்தார், அசையவில்லை. நான் இடையில் விழுந்தேன்.

"அவவுக்குக் கால் ஏலாது. விறைச்சுப்போம்."

பெண்மணி பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கர்னல் இருந்தார்.

பெயர்கள் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். அன்ரிக்கு முன்னால் இன்னும் ஒரு குடும்பம்தான் இருந்தது. அப்போது பின்கதவு திறந்தது. மூன்று கறுப்புக் கோட்டுகள். கப்டனின் நெஞ்சில் பதக்கங்கள் வேறு.

அன்ரி திரும்பிப் பார்த்தார். அவருடைய கையுறைக் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வயதான கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நான் இவரைப் பார்த்தேன். இவர் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு, கலியாண வீட்டு வாசலில் நிற்கிற மாமனாரைப் போல, வாங்கோ வாங்கோ என்று அவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து இவரை மட்டும் விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன்.

மூன்று பேரும் நடைபாதையால் வந்து அன்ரியின் முன்னால் குனிந்தார்கள். அன்ரி தம்முடைய மொழியில் ஏதோ தொடங்கினார். விளக்கம் சொல்கிற குரல் என்று எனக்கு விளங்கியது. கப்டன் கையை உயர்த்தி மறித்தார். நாங்கள் இருப்பதை மதித்தோ என்னவோ ஆங்கிலத்தில் சொன்னார்.

"நான் எப்பவோ எடுத்திட்டன், அம்மணி. அஷ்பீல்ட் மண்டபத்தில. எடுக்காட்டி ரயில்வேயில நிரந்தர வேலை தரமாட்டம் எண்டவை."

"நான் ஓபர்னில," என்றார் இரண்டாமவர், தொப்பியைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாமவர் இருமினார். "நான் இதே மண்டபத்திலதான். அந்த மேயர் செத்துப்போனார்."

மூன்று பேரும் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லவில்லையாம். இவர் கப்டனிடம் அழைப்பைச் சொன்ன அன்றைக்குத்தான், மற்ற இருவரிடம் சொல்லப் போன இடத்தில், எல்லாம் வெளியே வந்திருக்கிறது. இளவரசிக்குத் தெரிந்தால் மனம் நொந்துபோவார் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே மறைத்துவைத்திருந்தார்கள்.

அன்ரி ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் ஏன் வந்து என்ர கையைக் கொஞ்சினனீங்கள்?"

கப்டனுக்கு அந்தக் கேள்வியே விளங்காத மாதிரி இருந்தது.

"அது வேற," என்றார்.

மேடையில் 'மிஸ் ஓட்டிலியா பிரின்ஸ்' என்று கூப்பிட்டார்கள். அன்ரி என் மணிக்கட்டை விட்டார். மேடைக்குப் போய், துறக்கிற இடம் வந்தபோது ஒரு மூச்சு நின்று, பிறகு மண்டபத்துக்கே கேட்கும்படி சொல்லி முடித்தார். மேயர் கையைக் குலுக்கி ஒரு மரக்கன்றைக் கொடுத்தார். நான் அழுதேன். இவர் படம் எடுத்தார், அதில் பாதித் தலைதான் விழுந்தது.

கேசரியை மூன்று கறுப்புக் கோட்டுகளும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டன. வீட்டுக்கு வந்து இவரோடு சண்டை பிடிக்க வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகப் போயின. "நல்ல காரியத்துக்குச் சொல்லாமல் விடுறதே?" என்று மட்டும் இவர் கேட்டார்.

## அண்ணா பார்த்த கடவுச்சீட்டு

அன்ரி போய்ச் சேர்ந்தபோது அண்ணாவுக்குப் பேச்சு இருந்தது. அறைக்குள் போனதும் முழங்காலை மடித்து வணங்கியிருக்கிறார். வணங்கியபடியே, நான் துறந்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். முகத்தை நிமிர்த்தவில்லை.

அண்ணா கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கினாராம். கண்ணாடி போட்டு, பக்கம் பக்கமாகத் திருப்பினாராம். பிரின்ஸ் என்ற பெயரைக் கண்டு சிரித்தாராம். பிறகு சொன்னாராம்:

"எங்கட வீட்டில, திரும்பிப் போறதுக்கு ஒரு இடம் இருக்கிறவள் இப்ப நீ ஒருத்திதான். ஒழுங்காத் திரும்பிப் போ."

அடக்கம் முடித்துத் திரும்பி வந்து, சலவை அறையில் வாளிமேல் இருந்த எனக்கு இதைச் சொன்னார். அன்றைக்கு நானே எழும்பி என் வாளியில் அவரை இருத்தினேன்.

மேயர் கொடுத்த கன்றைத் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நட்டார். சிவப்புப் பூ, போத்தல் கழுவும் தூரிகை மாதிரி. விரிப்புகளில் எல்லாம் அதன் மகரந்தம் ஒட்டும், எங்களுக்கும் மேல்வீட்டார் திட்டுவார்கள்.

## என் முறை

நாங்களும் பிரஜாவுரிமை எடுப்பம் என்று இவர் வருடா வருடம் கேட்பார். "ஐஞ்சு வருசத்தில ஊருக்குப் போறம், பிறகென்னத்துக்கு?" என்பேன். ஐந்து வருடம் முடிய இன்னொரு ஐந்து வருடம் என்பேன். எழுபதுகள் முடிகிற காலத்தில் ஊரிலிருந்து வந்த செய்திகள் நல்லதாக இல்லை. கடைகள் எரிந்தன, தெரிந்தவர்களை அடித்தார்கள், கொழும்பிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு கப்பலில் ஏறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தான். அந்த வருடம் இவர் கேட்டபோது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதே மண்டபம், அதே மெழுகு வாசனை. இந்தமுறை ஆட்களுக்குச் சொல்லுகிற வேலையை நானே செய்தேன். முன்வரிசையில் அன்ரி, கையில் பொல்லு. பக்கத்தில் கப்டன்.

மேயர் வந்தார். எல்லோரும் எழும்பினார்கள். அன்ரி கதிரையை விட்டு அசையவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு வயதாகிவிட்டது.

என் பெயரையும் அதன் பின்னால் இவருடைய பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். இரண்டு சொல்லுத்தானே. நானே அன்ரிக்குச் சொன்ன புத்தி. ஏனைய எல்லா விசுவாசங்களையும் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். எனக்கு ராசாவும் இல்லை, பட்டமும் இல்லை. இருந்தாலும் எங்கள் வீட்டுக்குப் போகிற குறுகிய ஒழுங்கை, கிணற்றடி, அப்பா கையெழுத்துப் போட்ட என் பழைய புத்தகங்கள் எல்லாம் வந்து எதிரே நின்றன. மேயர் பொறுமையாகக் காத்திருந்தார்.

அப்போது முன்வரிசையில் ஒரு கதிரை நகர்கிற சத்தம் கேட்டது.

அன்ரி எழும்பிக்கொண்டிருந்தார். பொல்லை ஊன்றி, கப்டன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, மெல்ல மெல்ல நிமிர்ந்து நின்றார். கப்டனின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு அவரும் குதிகால்களைச் சேர்த்துக்கொண்டு துள்ளி எழும்பினார். நான் சொல்லி முடிக்கும்வரை இரண்டு பேரும் நின்றார்கள்.

தேநீர் நேரத்தில் அன்ரியிடம் போனேன்.

"ஏன் அன்ரி எழும்பினீங்கள்?"

"கால் விறைச்சுப்போச்சு, பிள்ளை," என்று சொல்லிவிட்டு, கேசரியை எடுக்க அந்தப் பக்கம் நடந்தார்.

கப்டன் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இளந்தாரி வயசில இருந்து அவவோட நிக்கிறன்," என்றார். "அவவின்ர கால் ஒருநாளும் விறைச்சதில்லை."